வங்கி தன் கடனைத் தானே தள்ளுபடி செய்துகொண்ட கதை

(வட்டாரக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வாழைத்தார் விலை, மேட்டூர் தண்ணீர், யூரியா தட்டுப்பாடு பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் விளக்கமாகப் பேசிவிட்டார்கள். எனக்குச் சங்கம் கொடுத்த விஷயம் வங்கி. வங்கின்னா நமக்குக் கடன்தான் ஞாபகம் வரும். பயிர்க்கடன், நகைக்கடன், வட்டி, நோட்டீஸ். இன்னிக்கு நான் பேசப்போவது நாம் வங்கியில் வாங்கிய கடனைப் பற்றி இல்லை. வங்கி நம்மகிட்ட வாங்குகிற கடனைப் பற்றி.

ஆமாம், வங்கியும் கடன் வாங்குது. நாம் போடுகிற டெபாசிட் வங்கி நம்மிடம் வாங்கும் கடன்தான். அது போக, பாண்டு என்று ஒரு பத்திரம் போட்டும் வாங்குது. அந்தப் பத்திரத்தை விற்று, பிறகு ஒரே நாளில் "இனிமேல் இந்தக் கடன் இல்லை" என்று ஒரு வங்கி எழுதிவிட்டது. ஐயாயிரம் பத்தாயிரம் இல்லை, 8,415 கோடி ரூபாய். நம்ம நாட்டில், 2020 மார்ச் 14 அன்று நடந்தது. யெஸ் வங்கி என்ற தனியார் வங்கி. பத்திரத்துக்குப் பெயர் ஏ.டி.1 பாண்டு.

அது என்ன பத்திரம் என்று கேட்பீர்கள். நம்ம ஊர் பாஷையில் சொல்றேன். ஒருத்தர் உங்ககிட்ட வந்து, "பத்து லட்சம் குடுங்க, வருஷத்துக்கு ஒன்பது, ஒன்பதரை வட்டி தர்றேன். ஆனா அசலைத் திருப்பித் தர தேதி கிடையாது. அஞ்சு வருஷம் கழிச்சு எனக்கு இஷ்டமிருந்தா தருவேன். எனக்கு நஷ்டம் வந்தா வட்டியை நிறுத்திக்குவேன். ரொம்ப நஷ்டம் வந்தா அசலும் கிடையாது, நீங்க கேட்கக் கூடாது" என்று சொன்னால் கொடுப்பீர்களா? திண்ணையை விட்டு எழுந்து போகச் சொல்வீர்கள். ஏ.டி.1 பாண்டு என்பது இதுதான். இதில் ஒரு வரிகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. ஒரு பத்திரத்தின் முகமதிப்பே பத்து லட்சம் ரூபாய். 2016 டிசம்பரில் 9.5 சத வட்டிக்கு 3,000 கோடி, 2017 அக்டோபரில் 9 சத வட்டிக்கு 5,415 கோடி என்று அந்த வங்கி வாங்கியது.

இந்த மாதிரிப் பத்திரம் பெரிய பெரிய நிறுவனங்களுக்காக உண்டானது. கணக்குப் பார்க்க ஆள், வக்கீல், ஆடிட்டர் எல்லாம் வைத்திருக்கிறவன் வாங்கட்டும், நஷ்டமானால் தாங்கட்டும். அதில் நமக்குப் பேச்சில்லை. ஆனால் நடந்தது வேறு. நிறுவனங்கள் கையில் இருந்த பத்திரங்களைத் தன்னிடம் கணக்கு வைத்திருந்த சாதாரண ஆட்கள் தலையில் மாற்றிக் கட்ட வங்கியே தரகு வேலை பார்த்தது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி விசாரித்து 2021 ஏப்ரலில் உத்தரவு போட்டது. அந்த உத்தரவில் உள்ள கணக்கைக் கேளுங்கள்.

தனிநபர்கள் 1,346 பேர் சுமார் 679 கோடி போட்டிருக்கிறார்கள். அந்த 1,346 பேரில் 1,311 பேர் அதே வங்கியின் வாடிக்கையாளர்கள். வெளியே இருந்து வந்தவர்கள் வெறும் 35 பேர்தான். தேடி வந்து வாங்கவில்லை, உள்ளே இருந்தவர்களைப் பிடித்து விற்றிருக்கிறார்கள் என்று இதிலேயே தெரியவில்லையா? இன்னும் ஒன்று. 277 பேர் தங்கள் பிக்சட் டெபாசிட்டைக் காலம் முடியும் முன்பே உடைத்து, சுமார் 80 கோடியை இதில் போட்டிருக்கிறார்கள். டெபாசிட் முடிய இன்னும் மாசக்கணக்கு இருக்கும்போது அதை உடைத்து வேறொன்றில் போடு என்று யார் சொல்லியிருப்பார்கள்? "சூப்பர் எஃப்.டி." என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். டெபாசிட் மாதிரியே பாதுகாப்பு, வட்டி மட்டும் கூட என்று. ஆபத்தை முழுசாகச் சொல்லவில்லை என்று செபியே எழுதியது.

பத்து லட்சம், ஐம்பது லட்சம் வைத்திருக்கிறவன் பாடு நமக்கு எதுக்கு என்று சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயமான கேள்வி. நம்மில் பலருக்கு முழுசாக ஒரு லட்சம் பேங்கில் ஒரு மாசம் நிற்பதில்லை. ஆனால் அண்ணன்மார்களே, நம் கையிலும் வாழ்க்கையில் ஒரு தடவை பெரிய பணம் வரும். நாலுவழிச் சாலைக்கு நிலம் போனால் வரும். பையன் வெளிநாட்டில் பாடுபட்டு அனுப்பினால் வரும். அப்பா ரிட்டயர் ஆனால் வரும், பங்காளி பாகம் பிரித்து நிலத்தை விற்றால் வரும். அது வருகிற அன்னிக்கே வங்கிக்குத் தெரியும். கணக்கு அவர்கள் கையில்தானே இருக்கு? அதுவரை வரிசையில் நிற்க வைத்த மேனேஜர் அன்னிக்கு நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுப்பார். மூணு தலைமுறை நிலத்தின் விலை அந்த ஒரு டீயில் போய்விடக் கூடாது. அதுக்குத்தான் இந்தக் கதை.

கதையின் முடிவு என்ன? வங்கி ஊர் ஊராகப் பெரிய கம்பெனிகளுக்குக் கடன் கொடுத்து மூழ்கியது. 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி அதைக் கையில் எடுத்தது. டெபாசிட் போட்டவர்கள் ஐம்பதாயிரத்துக்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். ஸ்டேட் வங்கியும் வேறு வங்கிகளும் முதல் போட்டுக் காப்பாற்றின. டெபாசிட்காரர்களுக்கு இரண்டு வாரத்தில் தடை நீங்கியது. நல்லது. ஆனால் ஏ.டி.1 பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா இல்லை என்று எழுதிவிட்டார்கள். அதே சமயம் வங்கியின் பங்குகள் அழிக்கப்படவில்லை. விலை சரிந்தாலும், மூன்று வருஷம் விற்க முடியாமல் பெரும்பகுதியைக் கட்டிப்போட்டாலும், பங்கு பங்காகவே இருந்தது. வியாபாரம் நொடித்தால் முதலில் முதலாளிக்கு நஷ்டம், அப்புறம்தான் கடன் கொடுத்தவனுக்கு என்பது நம்ம சந்தையில் மிளகாய் வியாபாரிக்குக்கூடத் தெரிந்த நியாயம். இங்கே தலைகீழ். பத்திரத்தின் விதியிலேயே இப்படி எழுதியிருக்கு, கையெழுத்துப் போட்டீர்களே என்பது வங்கியின் வாதம். விதி இங்கிலீஷில் பக்கம் பக்கமாக இருந்தது. வாயால் சொன்னது வேறாக இருந்தது.

நமக்குத் தள்ளுபடி என்றால் குற்றம்

2017 மார்ச்சில் அன்றைய ஸ்டேட் வங்கித் தலைவர் அருந்ததி பட்டாச்சார்யா அம்மையார், விவசாயக் கடனைத் தள்ளுபடி செய்தால் கடன் ஒழுங்கு கெட்டுவிடும் என்று பேசியது பலருக்கு ஞாபகம் இருக்கும். நம்ம டெல்டா அப்போ வறட்சியில் காய்ந்து கிடந்தது. கருகின பயிரைப் பார்த்து நெஞ்சு வெடித்துச் செத்தவர்கள் வீட்டு வாசலில் நாம் நின்ற காலம் அது. அப்போது ஒழுங்கு பேசினார்கள். மூன்று வருஷம் கழித்து ஒரு வங்கி தான் பட்ட 8,415 கோடி கடனை ஒரே காகிதத்தில் இல்லை என்று எழுதியபோது ஒழுங்கு பற்றி யாரும் மேடை போட்டுப் பேசவில்லை. மழை பெய்யாததற்கு விவசாயி பொறுப்பில்லை. கண்டவனுக்குக் கடன் கொடுத்ததற்கு வங்கி பொறுப்பு. எந்தத் தள்ளுபடி நியாயம்? நீங்களே சொல்லுங்கள்.

பத்திரக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மூன்று வருஷம் வழக்கு நடந்தது. 2023 ஜனவரி 20 அன்று அந்த நீதிமன்றம் தள்ளுபடி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. காரணம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். மார்ச் 6 அன்று வெளியிட்ட நகல் திட்டத்தில் பத்திரத்தை அழிப்பது இருந்தது. மார்ச் 13 அன்று அரசு அறிவித்த இறுதித் திட்டத்தில் அது இல்லை. மறுநாள் 14ஆம் தேதி நிர்வாகி தானாக எழுதிவிட்டார். அந்த அதிகாரம் அவருக்கு இல்லை என்றது நீதிமன்றம். ஆனால் தீர்ப்பு உடனே நடைமுறைக்கு வரவில்லை. ஆறு வாரம் நிறுத்தி வைத்தார்கள். மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் போனது. 2023 மார்ச் 3 அன்று அந்தத் தடையை உச்ச நீதிமன்றம் நீட்டித்தது. ஜெயித்த தீர்ப்பு கையில், பணம் கையில் இல்லை.

செபி வங்கிக்கு 25 கோடி அபராதம் போட்டது. அதிகாரிகள் மூன்று பேருக்கும் தனியாகப் போட்டது. 2022 செப்டம்பரில் வங்கியின் முன்னாள் தலைவர் ராணா கபூருக்கு 2 கோடி போட்டது. வங்கி மீதான அபராதத்துக்கு அடுத்த மாசமே மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தடை கொடுத்துவிட்டது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று: அபராதம் வசூலானாலும் அது அரசு கஜானாவுக்குத்தான் போகும். ஏமாந்தவன் பாஸ்புக்கில் ஏறாது. ஆடு திருடு போனவனுக்கு ஆடு வர வேண்டாமா? திருடனுக்கு அபராதம் போட்டு அதைப் பஞ்சாயத்தில் வைத்துக்கொண்டால் ஆட்டுக்காரன் பிள்ளைக்கு என்ன கொடுப்பான்?

ஒரு நல்லது நடந்தது. 2020 அக்டோபரில் செபி இந்தப் பத்திரத்தின் குறைந்தபட்ச அளவை ஒரு கோடி ரூபாயாக உயர்த்தியது. புதிதாக வெளியிடும்போது பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே கொடுக்க வேண்டும் என்றது. குதிரை ஓடிய பிறகு லாயத்தைப் பூட்டினார்கள், பூட்டினார்களே, அதுவரை சரி.

பக்கத்திலேயே நம்ம கரூர் இருக்கிறது. 1926இல் கரூர் வியாபாரிகள் சேர்ந்து தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பர் 17 அன்று முடக்கப்பட்டு, பத்தே நாளில், 27ஆம் தேதி, சிங்கப்பூர்க்காரர்களின் டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டது. டெபாசிட் பணம் பத்திரம். ஆனால் பங்குகள் முழுவதும் பூஜ்யம். தாத்தா வாங்கி வைத்த பங்கு என்று பீரோவில் வைத்திருந்த குடும்பங்கள் கரூர் வட்டாரத்தில் நிறைய. அந்த வங்கியின் 318 கோடி பாண்டும் அதோடு போனது. இதை ஏமாற்றி விற்றது என்று நான் சொல்லவில்லை. பங்கு வாங்கினால் நஷ்டமும் நம்முடையது. நான் சொல்வது, ஒரே கட்டடத்தில், ஒரே போர்டுக்குக் கீழே கொடுத்த பணம் என்றாலும் டெபாசிட் வேறு, பாண்டு வேறு, பங்கு வேறு. டெபாசிட்டுக்கு 2020 பிப்ரவரி 4 முதல் ஒரு வங்கியில் ஒரு ஆளுக்கு அஞ்சு லட்சம் வரை இன்சூரன்ஸ் உண்டு, அதுக்கு முன்னால் ஒரு லட்சம்தான். மற்ற காகிதம் எதுக்கும் அந்த இன்சூரன்ஸ் கிடையாது.

ஹாங்காங்கில் வாங்கிக் காட்டினார்கள்

இப்படி ஏமாந்தவர்கள் பணம் திரும்ப வாங்கிய இடமே இல்லையா என்றால், இருக்கு. ஹாங்காங். அங்கே வங்கி கவுண்டரிலேயே "மினிபாண்டு" என்று ஒன்று விற்றார்கள். பேர்தான் பாண்டு. உள்ளே அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் கம்பெனி பின்னி வைத்த சிக்கல். வாங்கியதில் ரிட்டயர் ஆன வயசாளிகள், டெபாசிட் போட வந்த சாதாரண ஜனங்கள் ஏராளம். 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் விழுந்தது. மினிபாண்டும் அதுபோன்ற லேமன் பத்திரங்களும் சேர்த்து 40,000 பேருக்கு மேல், சுமார் 2,000 கோடி ஹாங்காங் டாலர் மாட்டிக்கொண்டது.

அந்த ஜனங்கள் என்ன செய்தார்கள்? தனித்தனியாக அழுதுகொண்டு வீட்டில் உட்காரவில்லை. வங்கி வாசலில் உட்கார்ந்தார்கள். அட்டை பிடித்தார்கள், கோஷம் போட்டார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருஷக்கணக்கில். புகார் ஆயிரக்கணக்கில் எழுத்தில் குவிந்தது. சட்டசபை ஒரு குழு போட்டு வங்கி அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரித்தது. 2009 ஜூலையில் 16 வங்கிகள் இறங்கி வந்தன. மினிபாண்டு வாங்கியவர்களுக்கு அசலில் 60 சதம், 65 வயசுக்கு மேற்பட்டவர்களுக்கு 70 சதம் தருகிறோம் என்று ஒப்புக்கொண்டன. தப்பு செய்தோம் என்று மட்டும் எழுதித் தரவில்லை, அது அவர்கள் கௌரவம்! 2011 மார்ச்சில் அடமானப் பொருளை மீட்டு, அதோடு வங்கிகளும் கைப்பணம் சேர்த்து, பெரும்பாலான மினிபாண்டு வரிசைகளுக்கு மொத்தம் 85 முதல் 96.5 சதம் வரை கிடைக்க வழி செய்தார்கள். எல்லாருக்கும் இல்லை. விவரம் தெரிந்த பெரிய முதலீட்டாளர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் உண்டு, லேமனின் வேறு பத்திரம் வாங்கி நஷ்டத்தோடு நின்றவர்கள் உண்டு. ஆனாலும் காகிதம் குப்பை என்று கைவிரித்த இடத்தில் ரூபாய்க்கு எண்பத்தைந்து பைசாவுக்கு மேல் வாங்கினார்கள்.

வித்தியாசம் எங்கே? அங்கே கேட்டது "லேமன் விழுந்ததுக்குப் பணம் கொடு" என்று இல்லை. "பொய் சொல்லி விற்ற வங்கியே, நீ கொடு" என்று கேட்டார்கள். விற்றவனைப் பிடித்தார்கள். நம்மிடம் போலி விதை விற்ற கடைக்காரர் "கம்பெனியைக் கேளுங்க" என்று கை காட்டுவாரே, அதே மாதிரி வங்கியும் காட்டும். விடக் கூடாது.

நம்ம வாசலில் நடப்பது

பாண்டு நம்ம ஊர்க் கிளையில் விற்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். இன்சூரன்ஸ் பாலிசி? போன வருஷம் பயிர்க்கடன் புதுப்பிக்கப் போனேன். ஒன்றரை லட்சம் கடன். கணக்கில் ஏறியதைப் பார்த்தால் பன்னிரண்டாயிரம் குறைகிறது. கேட்டால் "உங்க பாதுகாப்புக்குத்தான் சார்" என்கிறார்கள். பத்து நாளில் தபாலில் பாலிசி வருகிறது. வருஷா வருஷம் பன்னிரண்டாயிரம், பத்து வருஷம் கட்டணும். கட்டாவிட்டால் போட்டதில் பெரும்பகுதி போச்சு. பயிர்க் காப்பீடு என்று நினைக்காதீர்கள், அது வேறு. இது ஆயுள் காப்பீடு. நான் கையெழுத்துப் போட்ட கடன் படிவக் கட்டுக்குள் அந்த விண்ணப்பத்தையும் சொருகி வைத்திருந்தார்கள். வங்கி பெயரை நோட்டீஸில் போடவில்லை. நம்ம வட்டாரத்தில் இது ஒரு வங்கியோடு நிற்கிற பழக்கமும் இல்லை.

நான் பாலிசி வந்த ஒன்பதாம் நாள் "எனக்கு வேண்டாம், பணத்தைத் திருப்புங்கள்" என்று எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கினேன். ஒரு மாசத்தில் சில்லறைப் பிடித்தம் போகப் பணம் வந்தது. பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று 2024இல் விதி வந்திருக்கிறது. முன்பு பெரும்பாலும் 15 நாள்தான். இது மேனேஜர் தருகிற சலுகை இல்லை, விதி. 2024 நவம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அம்மையாரே, வங்கிகள் இப்படித் தேவையில்லாத இன்சூரன்ஸை விற்பதால் கடன் வாங்குகிறவருக்குச் செலவு கூடுகிறது என்று வங்கிக்காரர்கள் கூடிய இடத்தில் பேசினார். பேசியது சந்தோஷம். நம்ம கிளைக்கு அந்தப் பேச்சு இன்னும் வந்து சேரவில்லை!

30 நாள் தாண்டியவர்கள் என்ன செய்வது? முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார். வாய்ப்பேச்சு வேண்டாம், வாய்ப்பேச்சில்தான் நாம் தோற்கிறோம். தேதி, தொகை, யார் என்ன சொன்னார் என்று தமிழிலேயே எழுதலாம். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். 2021 நவம்பர் 12 முதல் நாடு முழுவதுக்கும் ஒரே திட்டமாக ஆக்கியிருக்கிறார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. கொடுத்த தொகை அஞ்சு லட்சம் வரை என்றால் அங்கேயும் கட்டணம் இல்லை, ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். மேனேஜர் கோபித்துக்கொண்டு அடுத்த போகத்துக்குக் கடன் தரமாட்டாரோ என்று பயப்படுகிறீர்கள். தெரியும். தனியாகப் போனால் அந்தப் பயம் நியாயம். நாற்பது மனு ஒரே நாளில் ஒரே மேஜைக்குப் போனால் எந்த நாற்பது பேரைக் கோபித்துக்கொள்வார்?

சங்கம் கேட்பது இதுதான். கடனோடு பாலிசியைக் கட்டி விற்பதை இந்த வட்டாரக் கிளைகள் அத்தனையும் நிறுத்த வேண்டும். கடனிலிருந்து சம்மதமில்லாமல் பிடித்த பிரீமியத்தை வட்டியோடு திருப்ப வேண்டும், ஏனென்றால் அந்தப் பிரீமியத்துக்கும் சேர்த்துத்தான் நம்மிடம் கடன் வட்டி வாங்குகிறார்கள். டெபாசிட் தவிர வேறு எதை விற்றாலும், இது டெபாசிட் இல்லை, அசல் போகலாம் என்று தமிழில் பெரிய எழுத்தில் ஒரு பக்கம் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். ஏமாற்றி விற்றதற்கு அபராதம் போட்டால் அந்தப் பணம் ஏமாந்தவருக்குப் போகிற மாதிரி சட்டம் திருத்த வேண்டும் என்று எம்.பி.க்கும் மனு கொடுக்கிறோம்.

வருகிற திங்கட்கிழமை காலை 10 மணிக்குச் சங்கக் கட்டடத்தில் மனு எழுதுகிறோம். படித்த பிள்ளைகள் நாலு பேர் எழுதித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பாஸ்புக்கை முதல் நாளே வங்கியில் கொடுத்து என்ட்ரி போட்டுக்கொண்டு வாருங்கள். பாலிசி வந்த கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதில் உள்ள தபால் முத்திரைத் தேதிதான் நமக்கு ஆதாரம். மகளிர் குழுவில் கடன் வாங்கிய தாய்மார்களும் அவசியம் வரணும், உங்களிடம் பிடித்ததுதான் அதிகம் என்று கேள்விப்படுகிறேன். மனு முடிந்ததும் எல்லாரும் சேர்ந்தே கிளைக்கு நடக்கிறோம். ஒவ்வொரு மனுவின் நகலிலும் சீல் வாங்கிக்கொண்டுதான் திரும்புகிறோம்.